பிறந்த இடத்தில் உல்லாசப் பயணி

என் நாதியாவுக்கு,

இங்கே கனடாவில், மல்வேர்னில் இன்னும் பனி கரையவில்லை. நாம் வேலைசெய்த பேக்கரிக்குப் போகும் பஸ்ஸில் உன் இருக்கையில் இப்போது ஒரு பிலிப்பீன்ஸ்காரி இருக்கிறா. அவவையும் கேள்வி கேட்டுக் களைக்கவைக்கிறன். என் குணம் உனக்குத் தெரியும்தானே.

முதல்நாள் உன்னிடமும், "எந்த நாடு?" என்றுதான் கேட்டேன்.

"லெபனானில பிறந்தனான். ஆனால் லெபனான்காரி இல்லை. பாலஸ்தீனி."

அங்கேயே பிறந்தவள் எப்படி அந்த நாட்டுக்காரி இல்லாமல் போவாள்? நீ பொறுமையாகச் சொன்னாய். பெற்றோர் அகதிகளாக வந்த முகாமில் நீயும் அகதியாகவே பிறந்தாய். மருந்தாளராகப் படித்த உன் அப்பாவை முகாமுக்கு வெளியே கடை நடத்த விடவில்லை. முகாமில் உங்கள் வீடு இருந்த குறுகலான ஒழுங்கைக்கு, அவர்கள் பாலஸ்தீனத்தில் விட்டுவந்த ஊரின் பெயர்.

"நீ காணாத அந்த ஊர் எப்பிடி இருக்குமெண்டு நினைச்சனீ?"

"எங்கடை ஒழுங்கை மாதிரித்தான். மரங்கள் மட்டும் கூட இருக்கும்."

பிறகு லெபனானில் உன் அம்மா வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தா. அந்த நேரம் பார்த்து, வெளியே போன பாலஸ்தீனியர் விசா இல்லாமல் திரும்பி வரக்கூடாது என்று லெபனானில் சட்டம் போட்டார்கள். கனடாப் பாஸ்போர்ட் கிடைக்குமட்டும் நீ காத்திருந்தாய். கிடைத்ததும் பறந்தாய். அங்கே உல்லாசப் பயணிகளின் வரிசையில் நின்றாய்.

"இங்கையே பிறந்தனீங்கள்? அப்ப லெபனான்காரியோ?" என்று பாஸ்போர்ட்டைப் பார்த்துக் கேட்டானாம் அதிகாரி.

"இல்லை, கனடாக்காரி."

"நல்வரவு" என்று முத்திரை குத்தினானாம். அந்த நாட்டு அதிகாரி ஒருவன் உனக்கு அப்படிச் சொன்னது அதுதான் முதல்தரம் என்று சொல்லிவிட்டு நீ சிரித்தாய். அது என்ன சிரிப்பு, நாதியா? கேட்க நினைத்தேன். அதற்குள் உன் இதயம் நின்றுவிட்டது.

உன் அம்மா சுகமாகிவிட்டா. மகளைப் பறிகொடுத்த பிறகும் மாதாமாதம் என்னோடு போனில் கதைக்கிறா. உன் மகள் லைலாதான் எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறாள். போனமுறை அம்மா என்னைக் கேட்டா: "சண்டை முடிஞ்சால் உங்களைத் திரும்பிப் போக விடுவினமோ?"

நான் விட்டுவந்த யாழ்ப்பாணத்தைத்தான் கேட்டா.

"தெரியாது அம்மா" என்றேன்.

"நாங்கள் கேட்டபோதும் அப்பிடித்தான் சொன்னவை" என்றா.

கோடையில் லைலாவும் நானும் லெபனானுக்குப் போகிறோம். அம்மாவின் பக்கத்தில் இருந்து, அவ விட்டுவந்த ஊரைப் பற்றி ஒவ்வொன்றாய்க் கேட்பன். லைலா எல்லாவற்றையும் மொழிபெயர்த்து, தன் வாயாலேயே எனக்குச் சொல்லுவாள்; அப்ப அந்த ஊர் அவளுக்கும் மறக்காது. அதுக்கு நான் பொறுப்பு.

உன் லைலாவின் அன்ரி,
கௌரி