பக்கத்து வகுப்புக்காரிக்கு ஒரு சந்தேகம்

அன்புள்ள பக்கத்து வகுப்புக்காரிக்கு,

நலம். நீ நம்பமாட்டாய், இருந்தாலும் கடிதத்தின் முதல் வரியில் எல்லாரும் நலமாகத்தானே இருந்தாக வேண்டும். பேத்தி நினைத்த நேரத்தில் உன் மடியை நனைத்துவிடுகிறாள் என்று புலம்பியிருந்தாய். அவளைத் திட்டாதே. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் பள்ளிக்கூடத்து வம்பு. நம் தலைமையாசிரியர் ‘அஞ்சு நிமிஷம்’ கொஞ்சமும் மாறவில்லை. இடைவேளை மணி அடித்தால் போதும், “டீச்சர்ஸ், ஒரு அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போங்க” என்கிறார். அவருடைய அஞ்சு நிமிஷம் முடியும்போது இடைவேளையும் முடிந்துவிடுகிறது. டிரில் மாஸ்டர் விசில் சார் தலைக்குச் சாயம் பூசுகிறேன் என்று காதுக்கும் சேர்த்துப் பூசிக்கொண்டு வந்தார். ஏழாம் வகுப்பு முழுக்க அவர் காதைப் பார்த்தபடியே குனிந்து நிமிர்ந்தது. உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. நடுக்கதவைத் திறந்துவைத்து இரண்டு வகுப்பையும் நானே மேய்க்கிறேன். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு, ஒன்பதாம் வகுப்புக்கு முறைப்பு.

இனி விஷயம். அடிக்கடி குளிர்காய்ச்சல், முதுகின் ஒரு பக்கம் இழுத்துப் பிடித்த வலி. வீட்டுக்காரர் விடாப்பிடியாக ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனார். நிறையத் தண்ணீர் குடிக்கவைத்து, “முட்டும்போது சொல்லுங்கம்மா” என்றாள் நர்ஸ். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் காலைப் பின்னிக்கொண்டு ஓடினார்கள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் அவளே வந்து, “இன்னுமா வரல?” என்று என்னை உள்ளே தள்ளினாள்.

டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு நிறைஞ்சிருக்கே, உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?” என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் ரேங்க் வாங்கினதுபோல் எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் முகத்தில் பெருமை எதுவும் இல்லை. என்ன வேலை என்று கேட்டார். டீச்சர் என்றதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “தண்ணியே குடிக்கமாட்டீங்க, அதானே?” என்றார். அவர் மனைவியும் டீச்சராம். வருஷக்கணக்கில் அடக்கி அடக்கிச் சிறுநீர்ப்பை தொய்ந்துபோயிருக்கிறது. அதில் தங்கியதெல்லாம் அழுகி, கிருமி ஒரு பக்கச் சிறுநீரகம்வரை ஏறிவிட்டதாம். ஒரு மாதம் வீட்டில் இருந்து மருந்து சாப்பிடவேண்டும், விட்டால் அந்தச் சிறுநீரகம் போய்விடும் என்றார்.

எனக்குக் குழப்பமே இங்கேதான். மணி அடிக்காத ஞாயிற்றுக்கிழமை தாகமும் தெரிவதில்லை, பசியும் தெரிவதில்லை. வீட்டுக்காரர் தன் போனில் பள்ளி மணிச் சத்தத்தை வைத்திருக்கிறார். அது அடித்தால் எழுந்து போய் வருகிறேன், தண்ணீர் குடிக்கிறேன். நேற்று வாசலில் கூரியர்காரர் நிற்கும்போது மணி அடித்துவிட்டது. “எல்லாரும் உக்காருங்க” என்றேன். அவர் ஒருத்தர்தான் நின்றிருந்தார். பாவம், படியில் உட்கார்ந்துவிட்டார்.

லீவு கேட்டேன். “பரீட்சை முடியட்டும் டீச்சர், அப்புறம் எவ்வளவு நாள் வேணாலும் எடுங்க” என்கிறார் அஞ்சு நிமிஷம். “சிறுநீரகம் அதுவரைக்கும் காத்திருக்குமான்னு அதையும் அவர்கிட்டயே கேட்டுட்டு வா” என்கிறார் வீட்டுக்காரர். இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே படுகிறது. முக்கோணவியல் இன்னும் தொடங்கவே இல்லை. எனக்கு என்ன வேண்டும் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். உள்ளேயிருந்து பதிலே இல்லை. முட்டுவதைப் பை மறந்ததுபோல் வேண்டும் என்பதை நானும் மறந்துவிட்டேனா?

உனக்கு நினைவிருக்கும். அடக்கவே முடியாத அன்றைக்கு நடுக்கதவை இரண்டு தட்டு தட்டுவேன். நீ ஒரு காலை உன் வகுப்பிலும் ஒரு காலை என் வகுப்பிலும் வைத்து நின்றுகொண்டு, “நீ போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்” என்பாய். நீ போனபிறகு அதைச் சொல்ல இங்கே ஆள் இல்லை. உன்மேல் குறை இல்லை, உன் மகளுக்கு நீ தேவைப்பட்டாய்.

பேத்திக்கு என் முத்தம். வந்ததும் போகிற அந்தப் புத்தி அவளுக்குக் கடைசிவரை நிலைக்கட்டும்.

இது கிடைத்ததும் ஒரு போன் செய். நலம் விசாரிக்காதே, நான் சிரித்தே மழுப்பிவிடுவேன். அந்தப் பழைய வரியை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடு. அங்கிருந்தபடி பத்தாம் வகுப்பை உன்னால் பார்த்துக்கொள்ள முடியாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் சொல்.

இப்படிக்கு,
நடுக்கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உன் கணக்கு டீச்சர்