வெள்ளிமலை சர்வரும் கனகாவும்

டிசம்பர் 3, வியாழன்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கொரோனாவால் ரிஷிவந்தியம் வீட்டிலிருந்தே வேலை, ஒன்பதாவது மாதம்.
மீட்டிங்கில் மேனேஜர் மறுபடியும் கனகா புராணம். மணலூர்பேட்டைக்காரி. எனக்கு இரண்டு வருடம் பிந்திச் சேர்ந்தவள். இப்போது எங்கள் லீடர்.
அண்ணன் எங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்கும் மறியலுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். சாப்பிடும்போது சொன்னார்: "தனியா ஒதுக்கீடு இருந்திருந்தா உனக்கு இன்னும் நல்ல காலேஜா கெடச்சிருக்கும். இப்ப பாரு, எவளோ மேல குந்திக்கினு இருக்கா."
தலையாட்டினேன். கனகாவும் நம் ஆள்தான், படித்ததும் என் காலேஜ்தான். சொல்லவில்லை. ஒதுக்கீடு இல்லாததால்தான் என்று சொல்லிக்கொள்ளும் ஆறுதல்கூட எனக்கில்லை.

டிசம்பர் 4, வெள்ளி
மழை. வெள்ளிமலையில் சாமை கொள்முதல் செய்யும் விவசாயிகள் சங்கத்தின் சர்வர். இங்கிருந்தே கமாண்ட் அடித்து யார் உள்ளே வரலாம் என்று சொல்லும் அதன் கான்ஃபிக் ஃபைலைத் திருத்த வேண்டும். இனி பாஸ்வேர்டு செல்லாது, சாவி ஃபைல் வைத்திருப்பவர்கள் மட்டும் உள்ளே.
கனகாவின் மெசேஜ்: பழைய ஃபைலுக்கு முதலில் ஒரு காப்பி. இன்னொரு விண்டோவில் நுழைந்து பார்த்த பிறகே முதல் விண்டோவை மூடவும்.
எனக்கே பாடமா? காப்பி எடுக்கவில்லை. இரண்டு வரி மாற்றி, சேமித்து, ரீஸ்டார்ட் செய்து, மூடினேன்.
திரும்ப நுழைந்தால் அனுமதி இல்லை. என் சாவியை அங்கே ஏற்றவே இல்லை! எடை போடும் கம்ப்யூட்டரும் பாஸ்வேர்டில்தான் உள்ளே வருகிறது. அதற்கும் சாவி ஏற்றாமல், சேர்த்துப் பூட்டிவிட்டேன்.
11.20. நேரில் போக வழியில்லை. மறியல், மலைக்குப் பஸ் இல்லை. சங்கத்து ஆபரேட்டர் போன் செய்தார். "எட போட முடியலைங்க மேடம். சனங்க மூட்டைய வெச்சிக்கினு மழையில நிக்கறாங்க."
கனகாவைக் கேட்டால் முடிந்தது. அரைமணி நேரம் கேட்கவில்லை. அவள் பெயரை டைப் செய்வதும் அழிப்பதுமாக.
கடைசியில் கூப்பிட்டேன்.
"காலையிலேர்ந்து நான் அந்த சர்வர்லதான்கா இருக்கேன். உள்ள இருக்கறவங்கள அது வெளிய தள்ளாது. இன்னா மாத்துனீங்க?"
நான்கு நிமிடத்தில் பழைய ஃபைலைத் திரும்பப் போட்டுவிட்டாள். மறுபடி எடை போட ஆரம்பித்தார்கள். பழைய ஃபைலுக்குக் காலையிலேயே அவளே காப்பி எடுத்து வைத்திருக்கிறாள். நான் எடுக்கமாட்டேன் என்று தெரிந்திருக்கிறது.

டிசம்பர் 5, சனி
வெயில். துணி காய்ந்தது.
நேற்றைய கோளாறுக்குக் காரணம் என்று மேனேஜருக்குக் கனகா எழுதியிருப்பது: மலையில் மின்வெட்டு. என் பெயர் எங்கும் இல்லை.
நல்லவளாக இருப்பதிலும் என்னை முந்திவிட்டாள். குழம்பில் உப்புப் போட மறந்தேன். அண்ணன் எழுந்துபோய் உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

டிசம்பர் 7, திங்கள்
மீட்டிங். கரண்ட் போனால் பேட்டரி என்ன ஆயிற்று, அந்த ஆபரேட்டர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று மேனேஜர் கேட்டார். கனகா வாய் திறப்பதற்குள் சொல்லிவிட்டேன்: "கரண்ட் போகலைங்க சார். நான்தான் பூட்டிட்டேன்."
மேனேஜர் மீட்டிங்கை முடித்துக்கொண்டார்.
பிறகு கனகா போன். "ஏன்கா சொன்னீங்க? நான் சமாளிச்சிருப்பேன்ல."
ஆபரேட்டர் பாவம் என்றேன். பொய். அவள் தயவில் இன்னொரு நாள் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.
மாலை மேனேஜரின் மெயில். இனி நான் மாற்றும் ஒவ்வொரு வரியையும் கனகா பார்த்துச் சரி என்ற பிறகே சேமிக்க வேண்டுமாம். நாளை பத்து மணியிலிருந்து.