ஐந்நூற்று முப்பத்தாறில் வெயில் இல்லை

இன்று காலை பதினோரு மணிக்கு துபாய் அல் குசைஸில் சூரியனை வெறுங்கண்ணால் பார்த்தேன். இரண்டு நாளாகத் தூசிக் காற்று. வேலை நின்றுபோன சைட்டிலிருந்து எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கேம்ப் வாசலில் நின்று அண்ணாந்தால், மேலே வெளுத்த ஒரு வட்டம். கண் கூசவில்லை. வாயெல்லாம் மண் ருசி. பக்கத்தில் இருந்தவர்கள் விசாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உன் ஐந்நூற்று முப்பத்தாறு ஞாபகம் வந்தது. சொன்னால் புரிந்துகொள்ள இங்கே ஆள் இல்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. நான் இப்போது ஆலையை விட்டுக் கட்டட வேலைக்கு வந்துவிட்டேன். அப்போது ராஸ் அல் கைமா சிமெண்ட் ஆலையில் நீ மூட்டை கட்டும் பிரிவு, நான் லாரியில் ஏற்றும் பிரிவு. அரியலூரைச் சுற்றி அத்தனை சிமெண்ட் ஆலை இருந்தும் ஒன்றில்கூட வேலை கிடைக்காமல், கடல் தாண்டி வந்து அதே தூசியைத் தின்றோம். நீ தபால் வழியில் சரித்திரத்தில் எம்.ஏ. முடித்தவன். ஃபோர்மேனுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

வெள்ளிக்கிழமைகளில் எல்லோரும் துணி துவைப்போம். நீ மட்டும் டவுனுக்குப் போய் இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து, தாள்களை அச்செடுத்துக்கொண்டு வருவாய். எல்லாம் ஒரே ஒரு வருடத்தைப் பற்றியவை. கி.பி. 536. அந்த வருடம் சூரியன் மங்கிப்போய் நிலவு மாதிரிக் காய்ந்தது என்று ரோமப் படையோடு போன ஒருவர் எழுதிவைத்திருந்தாராம். சீனத்தில் கோடையில் பனி. அயர்லாந்தில் ரொட்டிக்குத் தானியம் இல்லை. எரிமலையா, வால்நட்சத்திரமா, ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னாய். நான் பாதி கேட்டேன், பாதி தூங்கினேன்.

நம் ஊரில் அந்த வருடம் என்ன நடந்தது என்று தேடித் தேடிப் பார்த்தாய். ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருண்ட காலம் என்று படித்தோமே, அதற்குள்தான் அந்த வருடமும் கிடக்கிறது. "இருட்டுன்னா ஒண்ணும் நடக்கலேன்னு அர்த்தம் இல்ல மாப்ள. யாரும் எழுதலேன்னுதான் அர்த்தம்" என்றாய்.

இன்னொரு நாள் ஒரு தாளை நீட்டினாய். அந்த வருடம் மேய்ச்சல் காய்ந்துபோய், அரபு நாடோடிகள் ஆயிரக்கணக்கில் ரோம எல்லைக்குள் பிழைக்கப் போனார்களாம். "இங்கேருந்து பொழப்புத் தேடிப் போயிருக்கானுங்க. தலைவனுங்க ரெண்டு பேரோட பேரை எழுதியிருக்கான். மத்தவங்க வெறும் எண்ணிக்கை." அதைச் சொல்லும்போது நீ சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

நீ போன அந்தக் காலையை இப்போதும் ஒழுங்காக வரிசைப்படுத்த முடிகிறது. நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். நீ கட்டிலில் இருந்தபடி, "அந்த வருஷம் எப்படி முடிஞ்சுச்சுன்னு கண்டுபுடிச்சுட்டேன், கேளு" என்றாய். பஸ் ஹார்ன் அடித்தது. "அப்புறம் சொல்லு" என்றேன். பஸ்ஸில் நீ முன்னால் உட்கார்ந்தாய், நான் பின்னால்.

பத்து மணி வாக்கில் நீ மூட்டை அடுக்கின்மேல் உட்கார்ந்தாயாம். ஃபோர்மேன், அந்தப் பாகிஸ்தான் பட்டாணியர், தண்ணீர் கொடுத்தாராம். ஆம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்று எழுதினார்கள். நான் வந்து பார்த்தேன். உன் புருவத்தில் சிமெண்ட் படிந்திருந்தது. அதைத் துடைக்கவேண்டும் என்று தோன்றியது, துடைக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டேன். ஊறுகாய் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினேன். மறுநாள் டூட்டிக்குப் போனேன்.

உன் மனைவிக்குச் சொல்லும் வேலையை என்னிடம் விட்டார்கள். போன் கார்டைச் சுரண்டி நம்பர் போட்டேன். சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ அலறினார்கள், அது அவள் இல்லை. அவள், "கடைசியா என்னண்ணே பேசுனாரு?" என்று கேட்டாள். "உன்னையும் பாப்பாவையும் பத்தித்தாம்மா பேசிக்கிட்டிருந்தான்" என்றேன். யோசிக்காமல் வந்த பொய். உன் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் அந்தத் தாள்களையும் வைத்து அனுப்பினேன்.

அடுத்த வருடம் லீவில் போனபோது உன் வீட்டுக்குப் போனேன். அவள் காபி கொடுத்தாள். பாப்பா பள்ளிக்கூடம் போயிருந்தது. உன் தாள்களைத் துணிப்பையில் போட்டு வைத்திருந்தாள். "இதப் பத்தி எங்கிட்டயும் சொல்லுவாரு. கார்டு தீர்ற வரைக்கும் சொல்லுவாரு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நெசமா என்ன பேசுனாரு?" என்றாள்.

சொல்லிவிட்டேன். ஷூ மாட்டியது, ஹார்ன் அடித்தது, அப்புறம் சொல்லு என்றது, எல்லாம். அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குள் ஏதாவது அசைந்திருக்கும். அவள் தாள்களை ஒருமுறை புரட்டினாள். "இதுல முடிவு இல்லண்ணே. எப்படி முடிஞ்சுச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

திரும்பி வந்து நாலு வெள்ளிக்கிழமை அதே இன்டர்நெட் கடையில் உட்கார்ந்தேன். எனக்கு வந்த இங்கிலீஷில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். கண்டுபிடித்ததும் அவளுக்குப் போன் போட்டேன். நல்லதை மட்டும் சொல்லி நிறுத்திவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நிறுத்தவில்லை.

"ஒண்ணரை வருஷம் அப்படியே இருந்துச்சாம்மா. அப்புறம் வெயில் வந்துருச்சு. ஆனா நாலஞ்சு வருஷத்துல மறுபடியும் குளிராம். அதுக்கப்புறம் பெரிய கொள்ளைநோய்."

அவள் கேட்டது ஒன்றுதான்.

"மிச்சம் இருந்தவங்க இருந்தாங்கல்ல?"

"இருந்தாங்கம்மா."

"அப்ப சரிண்ணே" என்று போனை வைத்தாள்.

நீ சொல்ல வந்தது இதுதானா, வேறு எதையாவது கண்டுபிடித்திருந்தாயா, எனக்குத் தெரியாது. உனக்காக நான் இன்னும் அழவில்லை. வருமென்று காத்திருந்தேன், இப்போது காத்திருப்பதும் இல்லை. ஆனால் ரூமில் யாராவது ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், மாட்டுச் சந்தைக் கதையானாலும், மச்சான் கல்யாணமானாலும், உட்கார்ந்துவிடுகிறேன். அவன் முடிக்கும்வரை எழுந்திருப்பதில்லை. இதனால் இரண்டு தடவை பஸ்ஸை விட்டிருக்கிறேன்.