லீலியாவுக்குப் புதுப் பெயர்

மார்ச் 3, திங்கள்
மழை. மோர்டனில் ரயில் தாமதம். மியூசியம் புழுப் பிரிவில் இன்று நான் மட்டும்.

நோர்வே ஆய்வகத்திலிருந்து மின்னஞ்சல். 'லீலியா' செல்லாதாம். கடற்குழாய்ப்புழுப் பேரினம் ஒன்றுக்கு, எனக்குப் படிப்பித்த குகன் சேர் தன் மனைவி லீலா அக்காவைக் கௌரவித்து வைத்த பெயர். அதே பெயர் முன்பே ஓர் அந்துப்பூச்சிக்கு இருக்கிறது. விலங்குகளில் ஒரு பேரினப் பெயர் ஒருமுறைதான். சேர் புழுக்களில் மட்டும் தேடியிருக்கிறார். பூச்சிப் பக்கம் போகவே இல்லை. புழுக்காரர் எல்லாரும் இப்படித்தான், நானும்.

பிழையைக் கண்டவர் பெயர் வைத்தவருக்குச் சொல்லி, ஒரு வருடம் பொறுப்பது எங்கள் தொழில் மரியாதை. பொறுத்திருக்கிறார்கள். ஆனால் சொன்னது சேர் இப்போது பாவிக்காத முகவரிக்கு. ஞாயிறோடு வருடம் முடிகிறது. அதற்குள் சேர் வேறு பெயர் எழுதித் தந்தால் விலகுவார்கள். இல்லாவிட்டால் அவர்களே வைப்பார்கள்.



மார்ச் 5, புதன்
சேருக்குப் போன். விஷயத்தைச் சொன்னேன்.

"அவளுக்குச் சொல்லாதையும், பிள்ளை. வைக்கிறவை வைக்கட்டும்."

எரிச்சல். பிழையான பேரினத்தில் கிடந்த புழு. குழாய் வாயை அடைக்கும் மூடி வேறு மாதிரி என்று பிரித்துப் புதுப் பேரினமாக்கியவர் சேர். சரி. அந்த மூடியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து வரைந்தது யார்? அக்கா.

பால், பருப்பு, குடை திருத்த.

மார்ச் 8, சனி
வெம்பிளியில் சேர் வீடு. அக்காவிடம் சொல்லிவிட்டேன். சேர் என்னைப் பார்க்கவேயில்லை.

அக்கா தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "கலியாண வீடு வழிய என்ரை பேரிலை புழு இருக்கெண்டு சொல்லித் திரிஞ்சனான். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திட்டியள், என்ன?"

"உமக்கு மனம் நோகுமெண்டுதான்…" என்றார் சேர்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "புதுப் பேர் நான் வைக்க ஏலுமோ?"

"சேர் ஓமெண்டால் ஏலும், அக்கா."

"அப்ப குகனியா. குழாயை விட்டு வெளியிலை வராத சீவன்தானே."

தன் பெயரைத் தானே வைப்பது அழகில்லை. அக்கா வைக்கலாம். சேர் "ஓம்" என்றார். நான் பிஸ்கட்டை எடுத்துக் கடித்தேன்.

மார்ச் 9, ஞாயிறு
காலையிலிருந்து தேடல். வண்டு, நத்தை, மீன், அந்துப்பூச்சி, எல்லாம். குகனியாவை யாரும் எடுக்கவில்லை. அக்கா எழுதியதாக ஒரு பக்கக் குறிப்பு ஆய்விதழில் பதிவேற்றியாயிற்று. நோர்வேக்காரர் விலகிவிட்டார்கள்.

எழுதியவர் பெயரை எப்படிப் போடுவது என்று அக்காவை முன்பே கேட்டிருந்தேன். "அப்பாவின்ரை முதலெழுத்தைப் போடும். சி. லீலா."

பேரினப் பெயருக்குப் பின்னால் வைத்தவர் பெயர், முதலெழுத்து இல்லாமல், எப்போதும் சேர்ந்தே வரும். எழுதிப் பார்த்தேன்.

குகனியா லீலா.