பதினோரு வருடம் நீங்கள் வைத்திருந்த பெயர்

அண்ணா, போன செவ்வாய்க்கிழமை ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு கிளினிக்கில் நான் நன்றாக அசடு வழிந்தேன். மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தவன், வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. உள்ளேயிருந்து நர்ஸ் "ருஃபைதா!" என்று கூப்பிட்டதும் அடித்துப் பிடித்து எழுந்து ஓடி, ஒற்றைச் செருப்போடு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் என் மகள் இல்லை. யாரோ ஒரு அம்மாள், இடுப்பில் சின்னக் குழந்தையோடு நிற்கிறாள். டாக்டர் சீட்டைப் பார்த்தார், என் நரைத்த தாடியைப் பார்த்தார்.

"பெரியவரே, இதுல வயசு மூணுன்னு போட்டிருக்கே."

வெளியே இருந்த பெஞ்சு முழுக்கச் சிரித்தது. என் மகள் வாசலில் நின்று, "அத்தா, நம்ம நம்பர் பதினாலு. எந்திரிங்க" என்று பல்லைக் கடித்தாள். பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு நாலு பேர் முன்னால் அப்பன் மானம் போவதைவிடப் பெரிய காய்ச்சல் கிடையாது.

அந்த அம்மாள் வெளியே வந்ததும் கேட்டேன், என் மகளுக்கும் இருக்கிற இந்தப் பெயரை எங்கே பிடித்தீர்கள் என்று. "ஜூஜுவாடியில எங்க நாத்தனா வீட்டுப் பக்கத்துல ஒரு புள்ளைக்கு வச்சிருந்தாங்க. கேக்க நல்லா இருந்துச்சு, நாங்களும் வச்சுட்டோம்" என்றாள். ஜூஜுவாடிக் குழந்தையின் அப்பன் யாரென்று எனக்குத் தெரியும். நம் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவன். அவனுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது நான். எனக்குக் கொடுத்தது நீங்கள்.

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. யாரிடமும் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் படிக்கப் போவதில்லை என்கிற தைரியம்தான்.

நாம் பேக்கிங் பிரிவில் இருந்தோம். மிஷினுக்கு மரப்பெட்டி கட்டி நான் ஆணி அடிப்பேன். நீங்கள் தகரத்தில் எழுத்து வெட்டி, பெட்டிமேல் வைத்து, கறுப்பு மை தடவி, போகிற ஊரின் பெயரை எழுதுவீர்கள். எட்டாம் வகுப்பில் நான் கணக்கோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவன். நீங்கள் மதரஸாவில் நாலு வருடம் ஓதி, வீட்டுக் கஷ்டத்தில் பாதியில் விட்டுவிட்டு வந்தவர். "நீ படிக்காதவன், நான் பாதி படிச்சவன். ரெண்டு பேரும் ஒரே பெட்டியைத்தான் தூக்கறோம்" என்பீர்கள்.

என் வீட்டுக்காரி மத்தூரில் தாய்வீட்டில் பெண் பெற்றாள் என்று தகவல் வந்த அன்று, சாப்பாட்டு நேரத்தில் நான் ஒரே புலம்பல். எங்கள் சந்தில் அப்போது ஏழு ஃபாத்திமா, நாலு ஆயிஷா, மூன்று நூர்ஜஹான். ரேஷன் கடைக்காரர் "ஃபாத்திமா பீ" என்று கூப்பிட்டால் வரிசையில் பாதி நகரும். என் மகள் கூட்டத்தில் கரைந்துவிடக் கூடாது, இந்த ஜில்லாவிலேயே யாருக்கும் இல்லாத பெயராக வேண்டும் என்றேன்.

"ஜில்லாவே வேணுமாடா உனக்கு? கலெக்டர்கிட்ட கேளு" என்றீர்கள்.

அப்புறம் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "ஒரு பேர் இருக்குது. ருஃபைதா."

நான் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. பக்கத்தில் இருந்த கன்னடக்கார மேஸ்திரியும் "ஏனப்பா இது, ஹொச ஹெசரு!" என்று, பெயர் புதிதாக இருக்கிறதே என்கிற மாதிரி, புருவத்தைத் தூக்கினார். நீங்கள் எங்கள் இருவருக்கும் விளக்கம் சொன்னீர்கள். அரபியில் கொடை, கைகொடுப்பது, தாங்கிப் பிடிப்பது என்று பொருள் வரும் சொல்லிலிருந்து வந்த பெயர். அதைச் செல்லமாகச் சுருக்கினால் ருஃபைதா. நபிகள் காலத்தில் மதீனாவில் அந்தப் பெயரில் ஒரு பெண் இருந்தார். வைத்தியம் தெரிந்த அப்பாவிடம் கற்றுக்கொண்டு, பள்ளிவாசல் ஓரம் ஒரு கூடாரம் போட்டு, போரில் காயம்பட்டு வந்தவர்களுக்குக் கட்டுப் போட்டவர். மற்றப் பெண்களுக்கும் அந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தவர். "அவங்களைப் பத்திப் பெரிசா யாரும் பேசறதில்ல. அதனாலதான் பேரும் பரவல" என்றீர்கள்.

"இவ்வளவு நல்ல பேரை எங்கணா ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"ஓதறப்பவே எடுத்து வச்சது. கல்யாணம் ஆனதுல இருந்து எம் பொண்ணுக்குன்னு வச்சிருந்தேன். பதினோரு வருசம் ஆச்சு. இனிமே எங்க? சும்மா கெடக்கறதுக்கு உம் பொண்ணுக்கு வை."

அதைக் கேட்டதும் ஒரு மனிதன் என்ன சொல்ல வேண்டும்? வேண்டாம் அண்ணா, நீங்கள் வைத்திருங்கள் என்று ஒரு பேச்சுக்காவது சொல்ல வேண்டாமா? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வாடகைக்கா, சொந்தத்துக்காணா?" என்றேன். மேஸ்திரி சிரித்தார். நீங்களும் சிரித்து, "சொந்தம்தான்டா, எடுத்துக்கோ" என்றீர்கள். டிபன் பாக்ஸை அன்று நீங்கள் பாதியிலேயே மூடியதை நான் பார்த்தேன். பசி இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் புத்தி.

ஏழாம் நாள் மத்தூருக்கு நீங்களும் வந்தீர்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத் குழந்தையின் காதில் மூன்று தரம் பெயர் சொன்னபோது நீங்கள் கூட்டத்தில் கடைசியில் நின்றீர்கள். அதற்குப் பிறகு என் ஆட்டம் தாங்க முடியவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குக்கூடப் பெயரின் சரித்திரத்தைச் சொன்னேன். நீங்கள் சொன்னதோடு நானாக ஒரு குதிரையும் இரண்டு ஒட்டகமும் சேர்த்தேன். நீங்கள் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அவளை மடியில் வைத்துக்கொண்டு, "ரு… ஃபை… தா" என்று நிறுத்தி நிதானமாகக் கூப்பிடுவீர்கள். அந்த மாதிரி எனக்குக் கூப்பிடத் தெரியாது. நான் சந்து முனையிலிருந்து கத்துகிறவன்.

அவளுக்கு மூன்று வயது நடக்கும்போதுதான் அண்ணி முழுகாமல் இருக்கிற செய்தி வந்தது. பதினான்கு வருடம் கழித்து! நீங்கள் அந்த மாதங்களில் எழுதிய பெட்டிகளில் ஒன்றாவது தப்பு ஊருக்குப் போயிருக்கும். கை பெட்டிமேல் இருக்கும், கண் வேறெங்கோ இருக்கும். நான் அப்போதும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "பொண்ணு பொறந்தா என்ன பேருணா வப்பீங்க? நல்ல பேரெல்லாம் நான் வாங்கிட்டேனே" என்று கேலி செய்தேன். "நல்லபடியா வரட்டும்டா மொதல்ல. பேருக்கா பஞ்சம்" என்றீர்கள்.

பெண்தான் பிறந்தது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் நீங்கள் என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தொப்பியைக் கையில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தீர்கள். என் மகள் படியில் உட்கார்ந்து மாம்பழக் கொட்டையைச் சூப்பிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை சாறு. நீங்கள் அவளையே பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்:

"தம்பி, மதியம் லுஹர் தொழுகைக்கு அப்பறம் அடக்கம். ஹஜ்ரத் பேர் கேப்பாரு. மூச்சு விட்ட புள்ளைக்குப் பேர் வைக்கணும், மறுமையில பேர் சொல்லித்தான் கூப்புடுவாங்க… அந்தப் பேரை எம் புள்ளைக்கும் வச்சுக்கட்டுமா? ரெண்டு பேருக்கு இருந்தா ஒண்ணும் தப்பில்ல. ஆனா உம் பொண்ணு பேரு அது. நீ சரின்னு சொல்லணும்."

உள்ளே திரைக்குப் பின்னால் என் வீட்டுக்காரி நின்றாள். என் கண்ணைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவள்மேல் பழி போட எனக்கு உரிமை இல்லை. அவள் ஆட்டாமல் இருந்தாலும் நான் அதையேதான் செய்திருப்பேன். மண்ணுக்குள் போகிற குழந்தையும் என் படியில் உட்கார்ந்திருக்கிற குழந்தையும் ஒரே பெயரில் இருந்தால் ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்தேன். மார்க்கத்தில் அப்படியெல்லாம் கிடையாது என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

"ஹஜ்ரத்தை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமேணா" என்றேன்.

"ஹஜ்ரத்தையா… சரிப்பா" என்றீர்கள். தொப்பியைப் போட்டுக்கொண்டு, குனிந்து என் மகளின் கன்னத்தைத் தொடப் போனவர், தொடாமல் கையை எடுத்துக்கொண்டு போனீர்கள்.

கபர்ஸ்தானில் பத்துப் பேர்கூட இல்லை. அந்தக் குழிக்கு அத்தனை பேர் தேவையும் இல்லை. ஹஜ்ரத் கேட்டார்: "புள்ளை பேர் என்னாப்பா?"

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். நான் என் செருப்பைப் பார்த்தேன். ஹஜ்ரத்திடம் நீங்கள் முன்கூட்டிக் கேட்டிருக்கவில்லை. அவரைக் கேட்டிருந்தால் தாராளமாக வையுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார். உங்களுக்கு வேண்டியிருந்தது அவருடைய சரி இல்லை.

"உங்க வாயில வர்ற பேரை வைங்க ஹஜ்ரத்" என்றீர்கள்.

பதினோரு வருடம் ஒரு பெயரைப் பொத்தி வைத்திருந்த மனிதர், அண்ணா. ஹஜ்ரத் ஏதோ ஒரு பெயர் சொன்னார். அது என்ன பெயர் என்று இன்றைக்கு எனக்கு நினைவில்லை. எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன். வரவில்லை. அண்ணியிடம் போய்க் கேட்கிற முகம் எனக்கு இல்லை.

நீங்கள் என்மேல் கோபப்பட்டிருந்தால் தேவலை. மறுவாரமே வேலைக்கு வந்தீர்கள். நான் ஆணி அடித்தேன், நீங்கள் பெயர் எழுதினீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் முன்போலவே வந்தீர்கள், பொரி உருண்டை வாங்கி வந்தீர்கள். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு என் மகளை நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பாப்பா என்பீர்கள், கண்ணு என்பீர்கள். பத்து வயதில் அவளே கேட்டாள்: "பெரியத்தா மட்டும் ஏன் என்னப் பேர் சொல்லிக் கூப்புட மாட்டேங்கறாரு?" நான் வழக்கம்போல ஒரு ஜோக் சொல்லி மழுப்பினேன்.

இதையும் கேளுங்கள். அந்த ஃபிட்டர் வந்து, "பாய், உங்க பொண்ணு பேரு நல்லா இருக்கு, எம் பொண்ணுக்கும் வச்சுக்கவா?" என்றபோது, "தாராளமா வைப்பா, பேருக்கு என்ன காசா பணமா" என்றேன். அப்புறம் மத்தூரில் ஒரு மச்சினன் கேட்டான், கொடுத்தேன். சந்தில் ஒருவர் கேட்டார், அவருக்கும் சரித்திரத்தோடு கொடுத்தேன். சவுதி போய் வந்தவர்கள் அங்கே கேட்டதாகச் சொல்லி அவர்கள் பங்குக்கு இரண்டு குழந்தைகளுக்கு வைத்தார்கள். எனக்குத் தெரிந்தே இப்போது இந்தப் பக்கத்தில் ஏழெட்டு ருஃபைதா இருக்கிறார்கள். எல்லோரும் நன்றாக இருக்கட்டும். கேட்டவர்களில் நான் கொடுக்காதது ஒருவருக்குத்தான்.

உங்கள் அடக்கத்தன்று உங்களைக் கிடத்திய சந்தாக்கை முன்னால் தூக்கியவர்களில் நானும் ஒருவன். கபரில் இறக்கியதும் மூன்று பிடி மண் போட்டேன். மற்றவர்கள் ஓதியதை நானும் சத்தமாக ஓதினேன். எல்லோரும் கை மண்ணைத் தட்டிக்கொண்டு வாசலுக்குப் போன பிறகும் நின்றேன். சொல்வதற்குத்தான் நின்றேன். கேட்க யாரும் இல்லை, கேலி செய்யவும் யாரும் இல்லை. அப்போதும் நாக்கு எழவில்லை. கிளினிக்கில் ஊரார் குழந்தைக்கு எழுந்து ஓடத் தெரிந்தவனுக்கு, அன்று காலை என் வாசலில் நீங்கள் நின்றபோது இந்த ஒரு வரி வாயில் வரவில்லை:

"வைங்கணா. அது உங்க பொண்ணு பேருதான்."