மஞ்சள் துணியில் முடிந்த மயில் காசு

அலோன், ரங்கூன்
16.10.2003

அன்பு மகன் சிவராஜுக்கு அப்பா எழுதிக்கொள்வது. அம்மன் அருளால் இங்கே நானும் உன் அம்மாவும் சுகம்தான், பினாங்கில் நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருப்பதை உன் கையெழுத்தில் படித்தால்தான் எங்களுக்கு நிம்மதி. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை.

விஷயத்துக்கு வருகிறேன், சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லையடா! துறைமுகத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க நான் சேர்த்த காசுகளை, நீயும் உன் அம்மாவும் துருப்பிடித்த குப்பை என்று கேலி செய்தீர்களே, அதே காசுகளைப் பல்கலைக்கழகம் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டது. சரித்திரத் துறைப் பேராசிரியை, சயாமா என்றுதான் டீச்சரம்மாவை இங்கே எல்லோரும் கூப்பிடுகிறார்கள், தாமே வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஊ நல்லையா என்று மரியாதையாகக் கூப்பிட்டு, இவ்வளவு நாள் இதையெல்லாம் எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். இப்போது தினமும் பஸ் ஏறிப் போய் அவரோடு சேர்ந்து அடுக்குகிறேன். நான் பெரியது சிறியது என்று அடுக்க, அவர் எல்லாவற்றையும் கலைத்து அரசர் வாரியாக வைக்கச் சொல்ல, ஒருநாள் முழுக்க எங்களுக்குள் சண்டை, கடைசியில் அவர் சொன்னதுதான் சரி. பச்சை வெல்வெட் பலகையில் காசுக்கு ஒரு பள்ளம், கீழே சீட்டு, மேலே கண்ணாடி, மூலையில் பர்மிய எழுத்தில் என் பெயர். எனக்கு மண்டைக்கனம் ஏறிவிட்டது என்கிறாள் உன் அம்மா, ஏறட்டுமே!

ஒரே ஒரு குறை. மின்டோன் ராஜா காலத்து வெள்ளி மயில் காசு, முழுசு, அரை, கால் என்று ஐந்து சேர்ந்தால்தான் ஒரு செட், என்னிடம் நாலுதான். கால் காசு நீ பினாங்கு போன வருஷமே காணாமல் போனது, உனக்கும் எழுதியிருந்தேன். சயாமா அதற்கும் ஒரு பள்ளம் வெட்டி வைத்திருந்தார். அதைச் சொல்லி வீட்டில் புலம்பினேன், உன் அம்மா எழுந்துபோய்ச் சாமி மாடத்திலிருந்து ஒரு மஞ்சள் முடிச்சை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். நீ புறப்பட்ட அன்று, போற பிள்ளை நல்லபடியா வீட்டுக்குத் திரும்பணும் என்று அம்மனுக்கு நேர்ந்து முடிந்தாளாம். இந்த ஊரில் அப்போதே சில்லறையைக் கண்ணில் பார்க்க முடியாது, எல்லாம் நோட்டுத்தான். சாமிக்கு நோட்டையா முடியறது, அதான் ஒங்க டப்பாவிலருந்து சின்னதா ஒண்ணு எடுத்தேன் என்கிறாள்! நான் வீட்டைத் தலைகீழாகப் புரட்டியபோது கூடவே கட்டிலுக்கடியில் குனிந்து தேடினாளே, ராட்சசி!

அவிழ்த்துக் கொடு என்றேன். முடியாதாம். யாருக்காக முடிந்ததோ அவன் வந்து தன் கையால் அவிழ்த்து உண்டியலில் போட வேண்டுமாம், ராசாவே வந்து கேட்டாலும் தரமாட்டாளாம். கோயில் தர்மகர்த்தாவிடம் ஓடினேன். நீ போட்ட பிறகு வேறு காணிக்கை கட்டிக் காசைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டார், ஆனால் அவிழ்க்கிற விஷயத்தில் அவரும் அம்மா பக்கம்தான்.

நேற்று, வேணும்னா கையில வச்சுப் பாருங்க, அவுக்கக் கூடாது என்று கொடுத்தாள். இத்தனை வருஷம் தேடிய காசு துணிக்குள்ளே விரலில் தட்டுப்படுகிறது, எனக்குக் காசு நினைவே வரவில்லையடா, உன் நினைவுதான் வந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தத் துணிக்கு மஞ்சள் தடவியிருக்கிறாள், ஒரே வீட்டில் இருந்தும் நான் கவனிக்கவே இல்லை.

அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று எழுதுகிறாயே, இப்போதுதான் அங்கே தங்குவதற்கான உன் காகிதமெல்லாம் சரியாகிவிட்டதே. ஜனவரியில் கண்காட்சித் திறப்பு, இன்றைக்கே லீவு கேள். குழந்தைக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள், காலையில் குளிரும். டிக்கெட் போட்டதும் பக்கத்துக் கடைக்குப் போன் பண்ணி அம்மாவைக் கூப்பிடச் சொல், மறந்துவிடாதே. உங்கள் மூவரையும் அம்மன் கைவிடாமல் காப்பாற்றட்டும், நாங்கள் மனசார வாழ்த்துகிறோம்.

வேறொருவரிடம் அதே காசு விலைக்கு இருக்கிறது, வாங்கிவிடலாமா என்று சயாமா இன்று கேட்டார். வேண்டாம், பள்ளம் காலியாகவே இருக்கட்டும், என் மகன் வருகிறான் என்று சொல்லிவிட்டேன். அப்பாவைப் பொய்யனாக்கிவிடாதே.

உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
நல்லையா