மனசுக்கு மார்க்

அக்கா,

இன்று காலை கள்ளக்குறிச்சியில் அதே கவுன்சிலிங் ஹாலுக்குள் நுழைந்தேன். பினாயில் நாற்றம் மூக்கில் ஏறியதுமே நீ வந்து நின்றாய். நீ போனதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அதனால் இந்த முறை பேஷண்ட் நான். துணைக்கு வந்தவள், நம் இரண்டு பேருக்கும் வாய்த்த அதே மாமியார்க்காரி.

டாக்டரைப் பார்க்குமுன் மனசுக்கு மார்க் போடும் அந்தத் தாள்! நாமே படித்து டிக் அடிக்க வேண்டியது. நீ பத்தாவது படித்தவள். ஆனாலும் நான் உனக்குத் துணைக்கு வந்த அன்று, நேரமாகிறதென்று உன் கையிலிருந்து பிடுங்கி, அந்த ரிசப்ஷன் பெண் ஹாலுக்கே கேட்கும்படி வாசித்தாளே! சந்தையில் ஏலம் விடுகிறவன்கூட அப்படிக் கத்தமாட்டான்.

"எதுலயாவது ஆர்வம் கொறைஞ்சிருக்கா?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு மரவள்ளிக் கொல்லைக்கு ஓடிக்கினு இருக்கறவளுக்கு ஆர்வம் இன்னாத்துக்கும்மா?" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அடுத்தது, "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" காய்ச்சல் இருக்கா என்று கேட்கிற குரல். எதிர் பெஞ்சில் நைனார்பாளையத்து அம்மாள்; நம் நாத்தனாரைத் தன் மகனுக்குக் கேட்டு வந்திருந்த நேரம். மாமியார்க்காரி உன் தொடையைக் கிள்ளினாள்.

"அதெல்லாம் இல்லீங்க."

மார்க் கம்மி. கம்மியாக வந்தால் நல்லதாம்! உள்ளே இருந்த டாக்டர் மகானுபாவர் தாளைப் பார்த்தார், உன்னைப் பார்க்கவில்லை. "நல்ல முன்னேற்றம்" என்றார். மாமியார்க்காரிக்கு வாயெல்லாம் பல். சங்கராபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் நீ வாய் திறந்தாய்: "அத்தினி பேரு எதுர்ல கேட்டா எவடி சொல்லுவா?"

அந்த மாதமே உயிரை விட்டாய். நாத்தனார் கல்யாணம் மட்டும் ஜாம்ஜாமென்று நடந்தது. தூ!

இன்றைக்கும் அதே பெண், அதே கத்தல், அதே கேள்வி. "இல்லன்னு சொல்லுடி" என்று மாமியார்க்காரி காதைக் கடித்தாள்.

"தோணுதுங்க," என்றேன், வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று. "தெனம் தோணுது. எழுதிக்குங்க. எழுதிட்டு, கதவைச் சாத்திட்டு என்னை ஒக்கார வச்சிக் கேக்கச் சொல்லுங்க டாக்டரை."

மாமியார்க்காரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மூடட்டும், எனக்கென்ன வந்தது?

உள்ளே கூப்பிட்டார்கள். மகானுபாவரே எழுந்து கதவைச் சாத்தினார். தாளை ஓரமாக வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லும்மா."

உன் பெயரிலிருந்து ஆரம்பித்தேன்.